படகுக்கு மோட்டார் தந்தவர்

போர்ட் கிள்ளானிலிருந்து பூலாவ் கெத்தாம் தீவுக்குச் செல்லும் வழியில் மீனவர்களின் சிறு படகுகளைக் காணலாம். அலையாத்திக் காடுகளை ஒட்டி அவை நீரைக் கிழித்துக்கொண்டு விரையும். அவற்றுள் பலவற்றின் பின்பலகையில் ஒரு மோட்டார் மாட்டப்பட்டிருக்கும். மேலே இயந்திரம், நடுவே நீண்ட தண்டு, அடியில் நீருக்குள் சுழலும் விசிறி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. வேண்டும்போது மாட்டலாம், பழுதானால் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போகலாம். இதனை அவுட்போர்டு மோட்டார் என்பர்.

இந்த மோட்டார் ஓடும்போது யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடாதபோதுதான் அதன் அருமை தெரியும். பழைய மோட்டார் ஒன்று இரவெல்லாம் ஓய்ந்து கிடந்துவிட்டு, விடியற்காலையில் கயிற்றைப் பத்து முறை இழுத்தாலும் எழாமல் அடம்பிடிக்கும். கரையில் என்றால் நேரம்தான் வீண். ஆற்றின் முகத்துவாரத்தில் வலையை இழுத்து முடித்து, நிறுத்திய மோட்டாரை மீண்டும் இயக்கும்போது அது எழவில்லை என்றால், நீரோட்டம் படகை எங்கே இழுத்துச் செல்லும் என்று சொல்ல முடியாது. எனவே படகு மோட்டாருக்கு வேகத்தைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அழைத்தவுடன் அது எழ வேண்டும். அந்தக் குணத்தை மோட்டாருக்குத் தர உழைத்தவர்களுள் முன்னவர் ஓலே எவின்ரூட்.

ஓலே 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அந்தப் பயணத்தில் சிறுவன் ஓலே, கப்பலின் இயந்திர அறையைவிட்டு வர மறுத்தான் என்று சொல்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்ளி ஏரிக்கு அருகே குடும்பம் நிலம் வாங்கிக் குடியேறியது.

தந்தைக்குப் பயிர்த்தொழிலில் மகன் துணைநிற்க வேண்டும் என்பது விருப்பம். மகனின் கண்ணோ ஏரியின் மீதும் இயந்திரங்கள் மீதும் இருந்தது. பள்ளிப்படிப்பு சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. ஆனால் கற்பது நிற்கவில்லை. பண்ணைக் கருவிகள் பழுதானால் ஓலேதான் அவற்றைப் பிரித்துச் சரிசெய்வார். பதின்ம வயதில் அவர் தம் கையாலேயே ஒரு பாய்மரப் படகைக் கட்டி ஏரியில் மிதக்கவிட்டார். மகனின் மனம் எங்கே இருக்கிறது என்பது தந்தைக்கும் புரிந்தது.

ஏறத்தாழப் பதினாறு வயதில் ஓலே வீட்டைவிட்டுப் புறப்பட்டு மேடிசன் நகரத்துப் பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ எனப் பல தொழில் நகரங்களில் வேலை செய்தார். இரும்பை உருக்குவது, வார்ப்பது, கடைவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கற்றார். பகலில் பட்டறையில் உழைத்து, இரவில் கணிதமும் பொறியியலும் படித்தார். இயந்திரத்தின் உறுப்புகளை வார்ப்பதற்கு முன் அவற்றின் மாதிரியை மரத்தில் செதுக்குவார்கள். அந்த நுணுக்கமான வேலையில் அவர் தேர்ந்தவரானார். அக்காலத்தில் பெட்ரோல் இயந்திரம் புதியது. குதிரை வண்டிகளுக்கு நடுவே மோட்டார் வண்டிகள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. வருங்காலம் இந்த இயந்திரத்தின் கையில்தான் என்று ஓலே நம்பினார்.

நம்பிக்கை உடனே பலன் தரவில்லை. மில்வாக்கி நகரில் கூட்டாளிகளோடு சேர்ந்து இயந்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தொழில் நிலைக்கவில்லை. வேறு முயற்சிகளும் கைகூடவில்லை. இயந்திரத்தைப் படிக்கத் தெரிந்த அவருக்குக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் பெஸ் கேரி என்ற இளம்பெண். வணிகக் கல்வி பயின்றுகொண்டிருந்த அவர், ஓலேயின் பட்டறைக்குக் கடிதம் எழுதும் வேலையையும் கணக்கு வேலையையும் செய்து கொடுத்தார். இருவரும் 1906இல் திருமணம் செய்துகொண்டனர்.

அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. கோடைக்காலத்தில் ஒருநாள் நண்பர்களோடு ஒக்காச்சி ஏரியில் உள்ள சிறு தீவு ஒன்றுக்கு அவர்கள் உலா சென்றார்கள். வெயில் கொளுத்தியது. பெஸ் பனிக்கூழ் சாப்பிட ஆசைப்பட்டார். ஓலே உடனே படகில் ஏறிக் கரைக்குத் துடுப்பு வலித்தார். பனிக்கூழை வாங்கிக்கொண்டு எதிர்க்காற்றில் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். தீவை அடைவதற்குள் பனிக்கூழ் உருகிவிட்டது. பெஸ்ஸின் ஆசை நிறைவேறவில்லை. ஆனால் ஓலேயின் மனத்தில் ஓர் எண்ணம் பிறந்தது. துடுப்பின் வேலையை ஒரு சிறு மோட்டார் ஏன் செய்யக்கூடாது?

அவுட்போர்டு மோட்டாரை முதன்முதலில் எண்ணியவர் ஓலே அல்லர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே கேமரன் வாட்டர்மேன் என்பவர் டெட்ராய்ட் நகரில் அத்தகைய மோட்டாரைச் செய்து விற்றிருந்தார். எனினும், எளிய மனிதர் வாங்கி, மாட்டி, நம்பிச் செல்லும் அளவுக்கு அதைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர் ஓலேதான்.

அவருடைய முதல் மாதிரி பார்ப்பதற்கு அழகாக இல்லை. காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைப் போல இருக்கிறது என்று பெஸ் கேலி செய்தாராம். ஆயினும் படகில் மாட்டியதும் அது ஓடியது. ஓலே குறைகளைத் திருத்தி அடுத்த மோட்டாரைச் செய்தார். நண்பர் ஒருவர் அதைக் கடனாக வாங்கி ஏரிக்குக் கொண்டு சென்றார். திரும்பி வரும்போது, தங்களுக்கும் வேண்டும் என்று கேட்ட பத்துப் பேரின் பணத்தோடு வந்தார். 1909இல் விற்பனை தொடங்கியது. அந்த மோட்டாருக்கு ஒரே ஓர் உருளை. அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோகிராம்.

பட்டறையை ஓலே கவனித்தார். அலுவலகத்தைப் பெஸ் கவனித்தார். குழந்தையை வளர்த்துக்கொண்டே பெஸ் விளம்பரங்களை எழுதினார். விலையை முடிவு செய்தார். கடிதங்களுக்குப் பதில் அனுப்பினார். துடுப்பை எறிந்துவிட்டு மோட்டாருக்கு மாறுமாறு படகோட்டிகளை அழைத்த அவருடைய விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. வட ஐரோப்பிய நாடுகளின் மீனவர்களும் மோட்டாரை விரும்பி வாங்கினார்கள். 1911இல் ஓலேக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அக்கால மோட்டார்களை எழுப்புவது எளிதன்று. மோட்டாரின் உச்சியில் கனமான சக்கரம் ஒன்று இருக்கும். அதில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துச் சக்கரத்தை வேகமாகச் சுழற்ற வேண்டும். இயந்திரம் தவறான நேரத்தில் வெடித்துப் பின்னோக்கி உதைத்தால், கைப்பிடி படகோட்டியின் விரல் முட்டிகளைப் பதம் பார்த்துவிடும். அதிலும் குளிர்ந்து கிடக்கும் மோட்டாரைப் பல முறை சுழற்ற வேண்டியிருக்கும்.

குளிர்ந்த மோட்டார் ஏன் அடம்பிடிக்கிறது? பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது நன்றாக எரியாது. அது ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் விரைவில் ஆவியாகும். குளிர்ந்த இயந்திரத்திலோ அதன் ஒரு பகுதி துளிகளாகவே தங்கிவிடும். ஆகவே தொடக்கத்தில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தர வேண்டும். இன்றைய மோட்டார்களில் சோக் என்னும் அமைப்பு இதைத்தான் செய்கிறது. அடுத்து, அந்தக் கலவையைக் கொளுத்தப் பிளக்கில் வலுவான தீப்பொறி தோன்ற வேண்டும். பல மோட்டார்களில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தமே இந்தத் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மின்சாரமும் குறையும், தீப்பொறியும் மங்கும். மோட்டாரை எழுப்புபவரின் கை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியும்? தீப்பொறி மிக வலுவாக வேண்டிய நேரத்தில்தான் அது மிக மெலிந்திருக்கிறது. குளிர்ந்த மோட்டாரின் சிக்கல் இதுவே.

தொழில் உச்சியில் இருந்தபோது பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. ஓலே தயங்கவில்லை. 1914இல் நிறுவனத்தைத் தம் கூட்டாளிக்கு விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு அவுட்போர்டு மோட்டார் தொழிலில் இறங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். மனைவியையும் மகன் ரால்ஃபையும் அழைத்துக்கொண்டு காரிலும் படகிலும் நாட்டைச் சுற்றினார். பெஸ் தேறினார். ஓலேயின் மனம் மட்டும் மோட்டாரைச் சுற்றியே வந்தது. தாம் செய்த மோட்டாரின் குறைகளை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் புதிய மோட்டார் ஒன்றை வடிவமைத்தார். இரண்டு உருளைகள் கொண்டது அது. பல உறுப்புகளை அலுமினியத்தில் செய்ததால் எடை ஏறத்தாழ 48 பவுண்டாகக் குறைந்தது. ஆற்றலோ மூன்று குதிரைத்திறன். முதல் மோட்டாரைவிட எடை குறைவு. ஆற்றல் இரு மடங்கு. ஓலே அதைத் தம் பழைய நிறுவனத்திடமே கொண்டு சென்று காட்டினார். அவர்கள் ஏற்க மறுத்துவிட்டனர்.

இப்போது அவருக்கு ஓர் இக்கட்டு வந்தது. சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். ஆனால் எவின்ரூட் என்னும் பெயர் விற்ற நிறுவனத்தோடு போய்விட்டது. தம் பெயரையே தம் மோட்டாருக்குச் சூட்ட முடியாத நிலை. அவர்கள் ஒரு வழி கண்டார்கள். எவின்ரூட்டின் இலேசான இரட்டை உருளை அவுட்போர்டு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்டோ என்று பெயரிட்டார்கள். பெஸ் மீண்டும் அலுவலகப் பொறுப்பை ஏற்றார்.

1921இல் எல்டோ விற்பனைக்கு வந்தது. அதன் சிறப்பு எடைக் குறைவு மட்டுமன்று. மின்கலத்தின் துணையோடு தீப்பொறி உண்டாக்கும் முறையை ஓலே அதில் அமைத்திருந்தார். மின்கலத்திற்குச் சக்கரத்தின் வேகம் தேவையில்லை. மெதுவாகச் சுழற்றினாலும் தீப்பொறி வலுவாகவே தோன்றும். எனவே சக்கரத்தை முழுச் சுற்றுச் சுழற்றத் தேவையின்றி, கால் சுற்று அசைத்தாலே மோட்டார் எழுந்துவிடும் என்று எல்டோ பெயர் பெற்றது. உடல் வலிமை குறைந்தவரும் படகு மோட்டாரை இயக்கலாம் என்ற நிலை உருவானது. மின்கலத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. அது தீர்ந்தால் மாற்றவும் வேண்டும். அதையும் மீறி, அழைத்தால் எழும் என்ற நம்பிக்கையே மக்களைக் கவர்ந்தது.

அதே காலத்தில் இந்தியானா மாநிலத்தில் ஜான்சன் சகோதரர்கள் 35 பவுண்டு எடையுள்ள மோட்டாரைக் கொண்டுவந்து போட்டியில் இறங்கினர். போட்டியால் மோட்டார்கள் மேலும் செம்மையடைந்தன. 1929இல் எல்டோவும் பழைய எவின்ரூட் நிறுவனமும் மற்றொரு நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. அதன் தலைவரானார் ஓலே. விற்ற பெயர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவரிடமே திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு உலகைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சியில் படகு மோட்டார் விற்பனையும் சரிந்தது. 1933இல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12ஆம் நாள், ஓலேயும் தம் 57ஆம் வயதில் மறைந்தார். தொழிலை மகன் ரால்ஃப் தொடர்ந்து நடத்தினார்.

ஓலேயின் வாழ்க்கை ஓர் அணுகுமுறையைக் கற்றுத் தருகிறது. மோட்டார் எழவில்லை என்றால் அதைத் திட்டிப் பயனில்லை. அதற்கு எது குறைகிறது என்று தேட வேண்டும். பெட்ரோல் இயந்திரத்துக்குத் தேவையானவை மூன்று: சரியான எரிபொருள் கலவை, வலுவான தீப்பொறி, போதிய அழுத்தம். பட்டறைகளில் அனுபவம் மிக்கவர்கள் இன்றும் இவற்றை ஒவ்வொன்றாகத்தான் சோதிக்கிறார்கள்.

முதலில் எளியவற்றைப் பார்ப்பார்கள். அவசர நிறுத்தக் கயிறு அதன் இடத்தில் உள்ளதா? பெட்ரோல் தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் பெட்ரோல் வராது. குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழை அழுத்தினால் அது கெட்டிப்படுகிறதா? சோக் முழுமையாக மூடுகிறதா? பெட்ரோல் பல மாதங்களுக்கு முன் ஊற்றியதா? பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சிய பிசுக்குக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். சூடானபின் ஒருவாறு ஓடும் மோட்டார், குளிர்ந்த நிலையில் எழாமல் போவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

அடுத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி போதவில்லை. பழைய இருவீச்சு மோட்டார்களில் பெட்ரோலோடு எண்ணெயும் கலப்பதால் பிளக்கில் கரி படியும். கரியை நீக்கியோ புதிய பிளக்கைப் போட்டோ சோதிப்பார்கள். எரிபொருளும் தீப்பொறியும் சரியாக இருந்தும் மோட்டார் எழவில்லை என்றால், உருளையின் அழுத்தத்தை அளப்பார்கள். பல ஆண்டுகள் உழைத்த மோட்டாரில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் குறை எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது ஆபத்து. ஆகவே இத்தகைய வேலையைத் தேர்ந்தவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கரையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது அதன் அடிப்பகுதி நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். நீரின்றி ஓடினால் குளிர்விக்கும் பம்பு கெட்டுவிடும்.

மலேசியாவில் பனி இல்லை. ஏரிகள் உறைவதும் இல்லை. ஆயினும் இரவெல்லாம் ஓய்ந்திருந்த மோட்டார், ஓட்டத்தில் இருக்கும் மோட்டாரைப் போலச் சூடாக இருப்பதில்லை. ஆகவே விஸ்கான்சின் ஏரியில் ஓலே எதிர்கொண்ட சிக்கல் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்திலும் உண்டு. அதைத் தீர்க்கும் வழியும் ஒன்றே. பள்ளிப்படிப்பு நின்றபோதும், தொழில் கைவிட்டபோதும், தம் பெயரே தமக்கு இல்லாமல் போனபோதும் ஓலே எவின்ரூட் குறை எங்கே என்று தேடினார், கண்டார், மீண்டும் தொடங்கினார். விடியற்காலையில் கயிற்றை இழுத்ததும் எழுகின்ற ஒவ்வொரு மோட்டாரின் ஒலியிலும் அந்த உழைப்பின் பங்கு இருக்கிறது.